சுண்ணாம்புக் கோட்டுக்கு இப்புறம்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். குறுவட்ட விளையாட்டுப் போட்டி. பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்கான 600 மீட்டர் ஓட்டம். மைதானம் என்றால் ஸ்டேடியம் அல்ல. வேலிக்காத்தானை வெட்டி ஒதுக்கிய செம்மண் தரை, அதில் சுண்ணாம்புத் தூளால் இழுத்த இருநூறு மீட்டர் வட்டம். கிழக்கே கொல்லிமலை. மூன்று சுற்று ஓட வேண்டும். இரண்டாவது சுற்று முடிகிறபோது என் மகன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். அப்போது கோட்டுக்கு வெளியே, அவனுக்கு இணையாக, ஒருவர் ஓடத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயது, சற்றே தொந்தி, தோல் செருப்பு. "கையை வீசுடா, கையை வீசு, விட்ராத, அவனைப் புடி" என்று கத்திக்கொண்டு ஓடினார். பையன் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஓடுகிறவன் தலையைத் திருப்பினால் என்ன ஆகும் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். ஐந்தாவதாக வந்தான். பி.இ.டி. வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க சார்" என்று அலுப்போடு சொன்னார்.

அந்த ஆள் நான்தான்.

நான் ஏற்கெனவே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். இதை வாத்தியாரிடம் சொல்லவும் செய்தேன். விதிப்படி நான் குற்றமற்றவன். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன் வெகுநேரம் பேசவில்லை. ராசிபுரம் தாண்டிய பிறகு சொன்னான்: "நீங்க ஓடினப்ப செருப்புச் சத்தம் கேட்டுச்சுப்பா." குற்றச்சாட்டாக அல்ல, ஒரு தகவலாக. நான் கத்தியது எதுவும் அவன் காதில் விழவில்லை போலும். விழுந்தது செருப்பு.

பிள்ளைகளின் விளையாட்டை வேடிக்கை பார்க்கிற பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒழுங்குமுறைக் கேள்வி போலத் தோன்றும். பள்ளிக்கூடச் சுவரில் நாலு வரி எழுதி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கத்தக் கூடாது, நடுவரைத் திட்டக் கூடாது, தோற்ற பையனை அங்கேயே அடிக்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் இவற்றை முழுக்க அனுசரித்த ஒருவன் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய தீங்கு இன்னும் அப்படியே மிச்சமிருக்கிறது. ஆகவே கேள்வியை வேறு தளத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. ஓடுவது அவன் என்றால், அந்த ஓட்டத்தில் எனக்கு உரிமையான பகுதி எது?

பார்வையாளன் என்பவன் எழுந்து வீட்டுக்குப் போகக் கூடியவன். ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் கடலைப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் கிளம்பலாம். அவனுடைய ஆனந்தத்துக்கும் துக்கத்துக்கும் ஒரு விலகல் இருக்கிறது. கலையை அனுபவிக்க அந்த விலகல் தேவை என்று நாம் நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பயிற்சியாளனுக்கு வேறு ஸ்தானம். அவன் கத்தலாம், அவன் கத்தலில் ஒரு தொழில் இருக்கிறது, கையை வீசச் சொன்னால் எப்போது, எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். பெற்றவன் இரண்டும் இல்லை. எனக்கு ஓட்டக்கலை பற்றி ஒன்றும் தெரியாது. 'கையை வீசு' என்பது நான் எங்கோ கேட்ட வார்த்தை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கத்தல் அவனுக்காகப் போடப்பட்டதே அல்ல. கொஞ்சம் பக்கத்தில் நின்ற மற்றப் பெற்றோருக்காக. மிச்சமெல்லாம், பதின்மூன்று வயதில் மைதானத்தின் ஓரத்தில் புத்தகப் பைகளுக்குக் காவல் உட்கார வைக்கப்பட்ட ஒரு பையனுக்காக. அந்தப் பையனைச் சேலத்துக்காரர்கள் சிலருக்குத் தெரியும்.

இந்தக் கோட்டின் கதை பழையது. ஒலிம்பியாவில் மணமான பெண்கள் போட்டியைப் பார்க்கக் கூடாது. பிடிபட்டால் திபையோன் என்ற மலையிலிருந்து தள்ளிவிடுவது என்று சட்டம். கல்லிபதைரா என்ற விதவை, பெரெனிகே என்றும் சொல்வார்கள், பயிற்சியாளன் வேஷத்தில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். பையன் ஜெயித்தான். ஜெயித்த கணத்தில் பயிற்சியாளர்களை அடைத்து வைத்திருந்த வேலியை அவள் தாண்டிக் குதித்தாள்; உடை விலகியது; தாய் என்று தெரிந்துபோயிற்று. அவளுடைய தகப்பனும் சகோதரர்களும் மகனும் ஒலிம்பிக் வெற்றியாளர்கள் என்பதால் தண்டனை இல்லாமல் விட்டார்கள். ஆனால் இனிமேல் பயிற்சியாளர்களும் நிர்வாணமாகத்தான் வரவேண்டும் என்று விதி செய்தார்களாம். பௌசானியஸ் சொல்கிற கதை இது. போட்டி முடியும்வரை அந்தப் பெண் வேஷத்தைக் காப்பாற்றினாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பையன் அடி வாங்கியபோது குதிக்கவில்லை. ஜெயித்தபோது குதித்தாள். தோல்வியில் தாங்கக் கூடியதை வெற்றியில் தாங்க முடியவில்லை.

அவள் ரோட்ஸ் தீவு தியாகொரஸின் மகள். அந்தக் கிழவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவருடைய இரண்டு மகன்கள் ஒரே நாளில் ஒலிம்பியாவில் ஜெயித்து, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்கள். ஒரு ஸ்பார்ட்டாக்காரன், "இப்போதே செத்துப்போ தியாகொரஸ், இதற்கு மேல் நீ ஒலிம்பஸ் மலைக்கா ஏறப் போகிறாய்" என்றானாம். ஒரு மரபின்படி அவர் அங்கேயே செத்தும்போனார். இதைத் தகப்பன் பேறாகத்தான் உலகம் சொல்லி வந்திருக்கிறது. அன்று ஜெயித்தது அந்தப் பையன்கள் என்பது கதைக்குள் எங்கே போயிற்று? அவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தூக்கி வந்தவர்களைவிடத் தூக்கப்பட்டவர் பெரிதாகிவிட்டார்.

நம் பக்கத்துக் கதை இன்னும் கடுமையானது. புறநானூற்றில் காவற்பெண்டு பாடிய தாயிடம் உன் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கே இருக்கிறானோ தெரியாது என்கிறாள். புலி கிடந்துவிட்டுப் போன குகை மாதிரித் தன் வயிறு இருக்கிறது, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். எனக்குப் பிடித்த தாய் இவள். அவளுக்கு மகனின் விலாசம் தெரியாது. குகை புலியின் பின்னால் ஓடுவதில்லை. ஆனால் அதே தொகுப்பில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய கிழவியும் இருக்கிறாள். மகன் முதுகு காட்டிச் செத்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் துண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகம் சந்தோஷப்படுகிறாள். பண்டிதர்கள் இதை மறக்குடி மகளிரின் மாண்பு என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நான் இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் பயந்துபோகிறேன். செத்த பிறகும் அந்தப் பையன் தேர்வில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா விடைத்தாளைப் புரட்டுகிறாள். கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்த நம் முதல் பெற்றோர் இவள்தான் என்று தோன்றுகிறது.

பெற்ற நாளைவிட அதிக மகிழ்ச்சி என்கிற அதே அளவுகோலை வள்ளுவரும் எடுக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம். அவருடைய தாய் பார்ப்பதில்லை, கேள்விப்படுகிறாள். மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லிக் காதில் விழுகிறது. சபையில் அவள் இல்லை. அவன் சபையில் நடந்துகொண்டதற்கும் அவள் சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு தூரம், ஒரு ஊர், சில மணி நேரம், மூன்றாம் மனிதன் ஒருவனின் வாய். இதற்கு அந்தக் காலத்துப் பெண்களைச் சபையில் அனுமதிக்கவில்லை என்று சமூகவியல் காரணம் சொல்லலாம், மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தத் தூரம் பையனுக்குச் செய்கிற உபகாரம் இருக்கிறது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சான்றோனாக முடிந்தது.

இந்த இடத்தில் நம் மண்ணின் உதாரணங்களைக் காட்ட ஆசை வரும். காட்டுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். தாய் சரோஜா காய்கறி விற்று வளர்த்தவர். அவர் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று கத்தியிருக்க வழியில்லை. கூடையை யார் பார்த்துக்கொள்வது? சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய காலத்தில் தகப்பனார் விசைத்தறிக் கூலி, தாய் சாலையோரக் கடை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் போய் நிற்பது என்றால் அந்தக் குடும்பங்களில் அது ஒரு நாள் வருமானம். இதை வெகுஜனப் பத்திரிகைகள் 'தாயின் தியாகம்' என்று படம் போட்டு எழுதின. நான் அவசரப்பட்டு 'விலகலின் அறம்' என்று எழுதிவிடக் கூடும். இரண்டும் பொய். வர முடியாமல் போனதை வராமலிருந்த மேன்மையாக மாற்றுவது நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் வழக்கம்.

நடராஜன் விஷயத்தில் வேறொன்று என்னை உறுத்துகிறது. 2020 நவம்பரில் அவருக்கு மகள் பிறந்தபோது அவர் அமீரகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியா போய் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கிவிட்டு 2021 ஜனவரியில்தான் திரும்பினார். ஊரே ரதத்தில் வைத்து இழுத்தது. ஓரத்தில் நிற்கிற தகப்பனைப் பற்றியே பேசுகிறோம். தகப்பன் மைதானத்தின் நடுவில் நிற்க, கைக்குழந்தை கோட்டுக்கு வெளியே காத்திருக்கிற நிலையும் இருக்கிறது. அந்தக் குழந்தையின் நன்னடத்தை பற்றி யாரும் கட்டுரை எழுதப் போவதில்லை.

சரி, கத்துகிறவர்களிடம் வருகிறேன். அன்று அந்த மைதானத்தில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஜவ்வரிசி ஆலையில் வேலை என்று பேச்சில் தெரிந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய பெண் நீளம் தாண்டினாள். நான் கத்தியதைவிட இரண்டு மடங்கு கத்தினார். அவருக்கு மாவட்ட அளவு, மாநில அளவு, சான்றிதழ், எந்தப் படிவத்துக்கு எந்தக் கல்லூரி எல்லாம் மனப்பாடம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் என்பதை அவர் சொல்லித்தான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் மணலில் விழுகிற இடத்துக்கும் ஒரு குடும்பம் கூலியிலிருந்து தப்பிப்பதற்கும் நேரடியாக ஒரு நாடா பிடித்து அளக்க முடியும். அவரிடம் போய், விளையாட்டு விளையாட்டுக்காகத்தான் அம்மா என்று சொல்வதற்கு ஒரு தனி மூர்க்கம் வேண்டும். என்னுடைய கத்தல் பழைய காயம். அவருடையது வருங்கால அரிசி. ஒழுக்கத்தின் தராசில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் தாண்டுகிற பெண்ணின் காதுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். அம்மாவின் கத்தலில் இருக்கிற நியாயம் அவள் கால்களைக் கனமாக்கத்தான் செய்யும். நியாயமில்லாத கத்தலாயிருந்தால் அவள் வெறுத்தாவது தப்பித்துக்கொள்ளலாம். ஒரிசாவில் புதியா சிங் என்ற நாலு வயதுக் குழந்தையை 2006 மே மாதம் பூரியிலிருந்து புவனேஸ்வரை நோக்கி 65 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். அந்தச் சேரிக் குழந்தைக்குச் சோறும் பெயரும் கிடைக்க அது ஒன்றே வழி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சோறு கிடைத்தது உண்மை. வழி முழுக்கக் கூட்டம் கை தட்டியதும் உண்மை. பிறகு அரசாங்கம் தடை போட்டது. வறுமை ஒரு செயலுக்குக் காரணம் ஆகலாம். குழந்தையின் முழங்காலுக்கு அது சமாதானம் ஆகாது. அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலின் கடைசிப் பகுதியில் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒலிம்பிக்கில் சிறுவர் பிரிவில் ஜெயித்து, பின்னால் பெரியவர் பிரிவிலும் ஜெயித்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை, சிறுவயதுக் கடும்பயிற்சி சக்தியை முன்னாலேயே உறிஞ்சிவிடுகிறது. நம் பக்கம் இதைச் சொன்னால் கோழிப்பண்ணைக்காரர் சிரிப்பார். பிராய்லருக்கு ஆயுள் எதற்கு? நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை ஜனங்கள் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். மாநில ரேங்க் அறிவிப்பை அரசு 2017இல் நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு விடுதி வாசலில் நிற்கிற பெற்றோரின் முகம் மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

கத்தாமலிருப்பதற்குச் சதுரங்கம் நல்ல பள்ளிக்கூடம். சேலத்தில் கல்யாண மண்டபத்தில் சிறுவர் சதுரங்கப் போட்டி நடந்தால், சுற்று தொடங்கியதும் பெற்றோரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். பந்திக் கூடத்து வராந்தாவில் நூறு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த வராந்தாவின் உச்சநிலைப் படங்கள் இரண்டு உலகம் முழுக்கப் போயின. 2023 ஆகஸ்டில் பாகுவில் பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி ஓரமாக நின்று மகனைப் பார்த்த படம். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில், மகன் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆகிக்கொண்டிருந்தபோது, தொண்டை மருத்துவரான தகப்பனார் அரங்குக்கு வெளியே நிலைகொள்ளாமல் நடந்த காட்சி. ஆட்டத்தின்போது மகனின் கண்ணைச் சந்திப்பதைத் தவிர்ப்பதாகவும், தன் மனநிலை அவனுக்குத் தெரிய வேண்டாம் என்பதே காரணம் என்றும் நாகலட்சுமி பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் படித்த விளையாட்டுத் தத்துவங்களில் இதுவே நுட்பமானது. முகம் என்பது கத்தலைவிட உரத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் வராந்தாவில் எல்லாரும் அப்படி இல்லை. கதவு திறந்து ஒரு எட்டு வயதுப் பையன் வெளியே வருகிறான். வாயைத் திறக்குமுன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர், புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆனால் முகம் கேட்டுவிடுகிறது. பையன் தலையை ஆட்டியதும் முகம் ஒரு நூலளவு சுருங்கி, உடனே பெருந்தன்மையாக விரிகிறது. அந்த நூலளவைப் பையன் பார்த்துவிட்டான். பிறகு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாலும் அது ஆறுதல் பரிசு. திட்டுகிறவனிடம் கோபித்துக்கொள்ள முடியும். மௌனமாக மன்னிக்கிறவனிடம் என்ன செய்வது? அன்று நானும் வண்டியில் ராசிபுரம்வரை ஒன்றும் பேசவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். வசைக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம்.

அப்படியானால் கோட்டைத் தாண்டவே கூடாதா? 1992இல் பார்சிலோனாவில் 400 மீட்டர் அரையிறுதியில் டெரெக் ரெட்மண்ட் தொடைத் தசை கிழிந்து விழுந்து, எழுந்து நொண்டியபோது, அவர் தகப்பனார் காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடுபாதைக்குள் போய்த் தோள் கொடுத்து மகனை எல்லைவரை நடத்தினார். விதிப்படி அந்த ஓட்டம் செல்லாது, முடித்ததாகக் கணக்கில்லை. ஆனால் அந்தத் தகப்பன் உள்ளே வந்தபோது பந்தயம் முடிந்துவிட்டிருந்தது. அவர் ஓட்டக்காரனிடம் வரவில்லை, வலிக்கிறவனிடம் வந்தார். நானோ வெளியிலேயே நின்று ஓட்டத்துக்குள் புகுந்தேன். சுண்ணாம்பு அவரையும் என்னையும் வேறு வேறு பக்கத்தில் காட்டுகிறது, தவறான பக்கங்களில்.

இதில் நம் வட்டத்துக்கும் கொஞ்சம் பங்கிருக்கிறது. பத்திரிகை நடத்துகிறவர்கள் தாங்கள் 'கண்டுபிடித்த' இளம் கவிஞனோடு கோட்டோரமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். படிமத்தை வீசு, படிமத்தை வீசு. அவன் தலையைத் திருப்பிப் பார்க்கிறான். பெயர் வேண்டாம்.

மறு வருஷம் போட்டிக்கு நான் போகவில்லை. அவன் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இதை நன்னடத்தை என்று என் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அன்று அலுவலகத்தில் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கோப்பும் நகரவில்லை. சாயங்காலம் வந்தான். காலில் செம்மண். பசிக்குதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைப் பகல் முழுக்கத் தயாரித்து வைத்திருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். நாலு தோசை தின்றான். தின்று முடித்துக் கை கழுவிக்கொண்டே, "இன்னிக்கு ஒருத்தனோட அப்பா அவங்கூடவே ஓடினாருப்பா, உங்கள மாதிரியே. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"அவன்தான் ஃபர்ஸ்ட்" என்றான்.